பிறப்பிடச் சான்றும் ஐந்து டாலர் கோடும்: புனேக்கு வரும் ஒயினின் வரிக் காகிதங்கள்

புனேயில் ஒரு மதுக்கடை அலமாரியில் இரண்டு ஆஸ்திரேலிய ஒயின் புட்டிகள் அருகருகே நிற்பதாக வைத்துக்கொள்வோம். நவா ஷேவா துறைமுகத்தில் இறங்கியபோது, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து ஒன்றின் மதிப்பு 4 டாலர் 90 சென்ட், மற்றொன்று 5 டாலர் 10 சென்ட். இந்திய-ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தம் நடப்புக்கு வந்த 2022 டிசம்பர் 29ஆம் தேதி விகிதப்படி முதல் புட்டிக்கு 150 சதவீதச் சுங்க வரி. வரியோடு அதன் அடக்கம் 12 டாலர் 25 சென்ட். 5 டாலர் கோட்டைத் தாண்டிய இரண்டாவது புட்டிக்கு 100 சதவீதம், அடக்கம் 10 டாலர் 20 சென்ட். விலை கூடிய ஒயின் குறைந்த அடக்கத்தில் நாட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அந்த இரண்டாவது புட்டி சலுகையைப் பெறுவதற்கு ஒரு கட்டுக் காகிதம் சரியான நாளில் சரியான இடத்தில் இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் அதே புட்டிக்கு 150 சதவீதம் கட்டி, 12 டாலர் 75 சென்ட் ஆகிவிடும்.

இந்தக் கட்டுரை அந்தக் காகிதக் கட்டைப் பற்றியது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் வரி குறைந்துவிட்டது என்று செய்தி வருகிறது. கேட்க வேண்டிய முறையில், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டவருக்குத்தான் அது குறைகிறது. அப்படிக் கேட்பதற்கான ஆள்பலம் பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கன்டெய்னர் கொண்டுவரும் புனேயின் சிறு இறக்குமதியாளரிடம் இல்லை. சட்டம் எல்லாருக்கும் தந்த சலுகை சிலருக்கு மட்டும் எட்டுகிறது என்பதே என் கவலை. மது வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். அதில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், வரி நிர்வாகம் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

பின்னணியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2007 வரை வெளிநாட்டு மதுவுக்கு அடிப்படைச் சுங்க வரிக்கு மேல் கூடுதல் சுங்க வரி ஒன்றும் இருந்தது. மாநிலங்கள் உள்நாட்டு மதுவுக்குப் போடும் கலால் வரிக்கு ஈடாக அது போடப்படுவதாக அரசு சொன்னது. பெட்டியின் மதிப்பு குறையக் குறைய அதன் விகிதம் ஏறும். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உலக வணிக அமைப்புக்குப் போயின. 2007 ஜூலை 3 அன்று இந்தியா அந்தக் கூடுதல் வரியை நீக்கியது. அதே சமயம் ஒயினின் அடிப்படை வரி 100 சதவீதத்திலிருந்து 150 ஆனது. சாராய வகைகளுக்கு ஏற்கெனவே 150 இருந்தது. மத்திய அரசு விட்ட இடத்தை மாநிலங்கள் பிடித்துக்கொண்டன. மகாராஷ்டிரம் இறக்குமதி மதுவுக்குச் சிறப்புக் கட்டணம் விதித்தது. 2008 செப்டம்பரில் ஐரோப்பியத் தரப்பு மீண்டும் அதே அமைப்புக்குப் போனபோது புகாரில் மகாராஷ்டிரம், கோவா ஆகியவற்றோடு, சில்லறை விற்பனையை டாஸ்மாக்கின் கையில் வைத்திருந்த தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. அந்தப் பழைய வரியின் ஒரு சாயல் இன்றும் தொடர்கிறது என்று எனக்குப் படுகிறது. மலிவான புட்டிக்கு அதிக வரி என்ற எண்ணம் இன்று ஒப்பந்தங்களுக்குள் குறைந்தபட்ச விலை என்ற பெயரில் குடியேறியிருக்கிறது.

2021 பிப்ரவரி பட்ஜெட் 150 சதவீதத்தை உடைத்து, அடிப்படை வரி 50, வேளாண் உள்கட்டமைப்புச் செஸ் 100 என்று பிரித்தது. மொத்தம் மாறவில்லை. மனிதர் அருந்தும் மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் எல்லையில் சுங்கமும் உள்ளே மாநில வரிகளும் என்று கணக்கு இரண்டாகவே நிற்கிறது. இடையில் நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டும் வேறொரு கதவு திறந்திருந்தது. அந்நியச் செலாவணி ஈட்டியதற்கு ஊக்கமாகக் கிடைத்த வரிக்கழிவுச் சீட்டைக் கொண்டு உணவுப் பொருளும் மதுவும் இறக்கிக்கொள்ள அயல்வணிகக் கொள்கை அனுமதித்தது. அந்தத் திட்டம் 2015இல் வேறொன்றுக்கு இடம்விட்டது. விமானத்தில் வருபவர் இரண்டு லிட்டர் வரியின்றிக் கொண்டுவரலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சலுகை.

வணிகமாக இறக்குபவருக்கு இன்று உள்ள சலுகைகளைக் கூர்ந்து பார்த்தால், சில பொருளின் பெயரைக் கேட்கின்றன, சில பிறந்த மண்ணைக் கேட்கின்றன, சில மண்ணோடு விலையையும் கேட்கின்றன. பெயரைக் கேட்பது எளிது. 2025 பிப்ரவரி 13 முதல் பர்பன் விஸ்கிக்கு மொத்த வரி 150இலிருந்து 100 ஆனது. இது எந்த ஒப்பந்தத்தின் கீழும் வராத பொதுக் குறைப்பு. சரக்கு பர்பன்தான் என்று நிறுவி, உரிய எட்டு இலக்கத் தலைப்பில் வகைப்படுத்தினால் போதும், பிறப்பிடச் சான்று தேவையில்லை. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் ஸ்காட்ச் விஸ்கிக்கும் ஜின்னுக்கும் தொடக்கத்தில் 75 சதவீதம், பத்தாம் ஆண்டில் 40 என்று சொல்கிறது. அங்கே பிறந்த மண்ணை நிறுவ வேண்டும். ஆஸ்திரேலிய ஒயினுக்கோ மண், விலை இரண்டும் வேண்டும். 750 மில்லி புட்டி ஒன்று 5 டாலருக்குக் குறையாமல் இருந்தால் 100 சதவீதத்தில் தொடங்கிப் பத்தாண்டில் 50, 15 டாலருக்குக் குறையாமல் இருந்தால் 75இல் தொடங்கி 25. இந்த மூன்றாவது வகையில்தான் காகிதம் மிகக் கனக்கிறது.

முதலில் மண். ஆஸ்திரேலியாவில் அங்கீகரிக்கப்பட்ட ஓர் அமைப்பு பிறப்பிடச் சான்று வழங்கும். புனேயிலும் மும்பையிலும் தொழிலில் உள்ளவர்கள் இதை சி.ஓ.ஓ. என்றுதான் சொல்வார்கள். அந்தத் தாள் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2020க்கு முன் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற பிரிவைச் சேர்த்தது. செப்டம்பர் 21 முதல் கரோட்டார் என்று அழைக்கப்படும் விதிகள் நடப்புக்கு வந்தன. அன்று முதல் சான்று இருந்தால் மட்டும் போதாது. சரக்கு அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே அறிந்திருக்க வேண்டும். ஒன்றாம் எண் படிவம் என்று ஒன்று உண்டு. எந்தப் பிறப்பிட அளவுகோலின் கீழ் சரக்கு தகுதி பெறுகிறது, முழுக்க அங்கேயே விளைந்ததா, வேறு நாட்டு மூலப்பொருள் சேர்ந்ததா, எந்தெந்த வேலை எங்கே நடந்தது என்று அது கேட்கும். இந்த விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அலுவலர் கேட்டால் பத்து வேலை நாளுக்குள் தர வேண்டும்.

ஒயினுக்கு இது எளிதாயிற்றே, திராட்சை அங்கே காய்த்தது, சாறு அங்கே புளித்தது என்று தோன்றும். தோட்டத்திலேயே புட்டியிலடைக்கும் சிறு ஒயினகத்துக்கு எளிதுதான். ஆனால் சிறு இறக்குமதியாளர் பெரும்பாலும் ஒயினகத்திடம் நேராக வாங்குவதில்லை. பல ஒயினகங்களின் சரக்கைச் சேர்த்து அனுப்பும் இடை வணிகரிடம் வாங்குகிறார். அந்த வணிகரின் பில் மூன்றாம் நாட்டிலிருந்து வரலாம். அதையும் சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியில் சொல்ல வேண்டும். சரக்கு சிங்கப்பூர்க் கிடங்கில் சில வாரம் தங்கி வந்திருந்தால் கேள்வி இன்னும் வலுக்கும். அங்கே சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்ததா, யாரும் பிரித்து மாற்றினார்களா என்பதற்குச் சான்று வேண்டும். ஆஸ்திரேலியாவில் புறப்பட்டு நவா ஷேவா வரை ஒரே போக்குவரத்து ஆவணத்தில் வந்த சரக்குக்கு இந்தத் தலைவலி கிடையாது. சரக்குக் கூலியில் நாலு காசு மிச்சம் பிடிக்கச் சிங்கப்பூரில் ஏற்றி இறக்கியவர், வரிச் சலுகையில் அதைப்போல் பல மடங்கு இழக்கக்கூடும். ஆர்டர் போடும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியது இது. சரக்கு வந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை.

இன்னொரு கடுமையும் இருக்கிறது. ஓர் ஏற்றுமதியாளரின் சரக்கு பிறப்பிடத் தகுதி பெறவில்லை என்று ஒருமுறை தீர்மானிக்கப்பட்டால், அவரிடமிருந்து வரும் அதே சரக்குக்கு மறு விசாரணையின்றியே சலுகையை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. தகுதி உண்டு என்று நிறுவும் வரை இது தொடரும். எங்கோ ஒருவர் செய்த தவறின் சுமை புனேயின் சிறு வணிகர் தலையில் விழுகிறது. ஏற்றுமதியாளரின் முந்தைய வரலாற்றை விசாரித்து அறியும் வசதி அவருக்கு எங்கே?

துறை இதை உணராமலில்லை. இந்த விதிகளைப் பரிவோடு கையாள வேண்டும், ஒப்பந்தத்தோடு முரண்பட்டால் ஒப்பந்தமே மேலானது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் தன் அலுவலர்களுக்கு எழுதியது. 2025 மார்ச்சில் விதிகளில் "பிறப்பிடச் சான்றிதழ்" என்றிருந்த இடம் "பிறப்பிட நிரூபணம்" என்று மாற்றப்பட்டது. ஏற்றுமதியாளரே பொறுப்பேற்றுத் தரும் அறிவிப்பையும் ஏற்க அது வழி செய்தது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு 2025 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்த ஒப்பந்தத்துக்கு அது தேவைப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் சான்று தருபவர் அலுவலக முத்திரையை விட்டு விலகும் அளவுக்கு, அதை நம்பி வாங்குபவர் மீதான பொறுப்பு கூடுகிறது.

இனி விலை. சுங்கத் துறையின் நெடுநாள் கவலை, இறக்குமதியாளர் மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறாரா என்பது. மதிப்பின் மீது சதவீத வரி இருக்கும் இடமெல்லாம் அந்த ஆசை இருக்கும். 5 டாலர் கோடு அதைத் தலைகீழாகத் திருப்புகிறது. கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவருக்கு மதிப்பை ஏற்றிக் காட்டினால் லாபம். ஆகவே உண்மையாகவே 5 டாலர் 10 சென்டுக்கு வாங்கியவரும் சந்தேகத்தின் நிழலில் நிற்க வேண்டியிருக்கிறது. ஒயினகத்தின் விலைப்பட்டியல், வங்கி மூலம் பணம் அனுப்பிய சான்று, ஆர்டர் கடிதப் போக்குவரத்து எல்லாம் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். தள்ளுபடியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பன்னிரண்டு பெட்டி வாங்கினால் ஒன்று இலவசம் என்பது ஒயின் வணிகத்தில் சாதாரணம். புட்டி 5 டாலர் 30 சென்ட் என்று பில் போட்டிருந்தாலும், இலவசப் பெட்டியையும் சேர்த்து வகுத்தால் 4 டாலர் 89 சென்ட் ஆகிவிடும்.

கப்பல் கூலியும் இந்தக் கணக்கில் உள்ளே வருகிறது. மதிப்பு என்பது துறைமுகம் வரையிலான கூலியும் காப்பீடும் சேர்ந்தது. ஏற்றுமுக விலை 4 டாலர் 70 சென்ட், கூலியும் காப்பீடும் 35 சென்ட் என்றால் சலுகை உண்டு. அடுத்த மாதம் கூலி இறங்கி 25 சென்ட் ஆனால், அதே ஒயின், அதே விலை, சலுகை மட்டும் இல்லை. கூலிக்கான ரசீதே கைவசம் இல்லாவிட்டால் மதிப்பீட்டு விதி ஏற்றுமுக விலையில் 20 சதவீதத்தைக் கூலியாகவும் 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் எடுத்துக்கொள்ளும். அது கோட்டைத் தாண்ட உதவுகிறது என்று யாரும் ரசீதை மறைக்கக் கூடாது. மறைத்த ரசீது பின்னாளைய தணிக்கையில் வெளிவந்தால் வித்தியாச வரியோடு வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்.

இப்படி ஒரு கோட்டை ஏன் போட்டார்கள் என்பதற்கு விடை புனே மாவட்டத்திலேயே இருக்கிறது. நகரிலிருந்து நாசிக் சாலையில் வடக்கே போனால் வரும் நாராயண்காவ், 1980களில் இந்திய ஒயின் தொழில் கால் ஊன்றிய இடங்களில் ஒன்று. நகரின் கிழக்கே மாஞ்சரியில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2001இல் மாநில அரசு திராட்சை பதப்படுத்தலுக்கு எனத் தனிக் கொள்கையே வகுத்து உள்ளூர் ஒயினுக்கு வரிச் சலுகை தந்தது. மலிவான வெளிநாட்டு ஒயின் வந்து குவிந்தால் இங்குள்ள ஒயினகமும் அதற்குத் திராட்சை விற்கும் விவசாயியும் அடிபடுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதற்கு வேலி வேண்டும் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செங்குத்தான ஒரு கோட்டுக்கு இரு பக்கமும் 50 சதவீதப் புள்ளி வித்தியாசம் வைப்பது நல்ல வேலி ஆகாது. மதிப்பு ஏற ஏற வரி சிறிது சிறிதாக இறங்கும் சரிவாக அமைத்திருந்தால் விவசாயிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அப்படியே இருந்திருக்கும். கோட்டை ஒட்டி நடக்கும் ஏற்றக் கணக்குக்கும் அதைத் தொடரும் சந்தேகத்துக்கும் இவ்வளவு இடம் இருந்திருக்காது.

பணம் எவ்வளவு என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். 12 புட்டி கொண்ட ஆயிரம் பெட்டி, புட்டி 6 டாலர் என்றால் சரக்கின் மதிப்பு 72,000 டாலர். முதல் நாள் விகிதப்படி சலுகையோடு வரி 72,000, சலுகை இல்லாமல் 1,08,000. வித்தியாசம் 36,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 30 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். ஒரு சிறு வணிகரின் ஆண்டு லாபமே அதற்குள் அடங்கிவிடக்கூடும்.

அந்தச் சலுகையைக் கேட்கும் இடம் பில் ஆஃப் என்ட்ரி. சுங்கத் தரகர், தொழில் வழக்கில் சி.எச்.ஏ., கணினியில் அதைப் பதியும்போதே எந்த அறிவிக்கையின் கீழ் சலுகை கேட்கிறோம், சான்றின் எண், தேதி, பிறப்பிட அளவுகோல் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். 2020 அக்டோபர் இறுதியிலிருந்து முகமறியா மதிப்பீடு நாடு முழுவதும் வந்துவிட்டதால், சரக்கு நவா ஷேவாவில் இருக்க, அதை மதிப்பிடும் அலுவலர் வேறொரு நகரில் இருப்பார். நேரில் போய் விளக்கும் வழி அடைபட்டதால் கைமாறும் காசு குறைந்திருக்கும் என்று நம்பலாம், அது பெரிய நன்மை. கூடவே, ஒரு எழுத்துப் பிழைக்கும் கணினியில் கேள்வி எழும்பி, பதில் போய், மறு கேள்வி வந்து நாள் கரைகிறது. சான்றில் ஒயினின் பெயர் ஒரு மாதிரி, பில்லில் வேறு மாதிரி, லேபிளில் இன்னொரு மாதிரி என்றிருப்பது அடிக்கடி எழக்கூடிய சிக்கல். பிறப்பிடத்தைச் சரிபார்க்க ஆஸ்திரேலியாவுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தால், வித்தியாச வரிக்கு ஈடாகப் பிணை கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். அந்தப் பிணை மேலே சொன்ன 30 லட்சம். பெரிய நிறுவனத்துக்கு வங்கி உத்தரவாதம் ஒரு கையெழுத்தில் கிடைக்கும். சிறியவர் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும்.

கேட்க மறந்துவிட்டால்? சான்று தாமதமாகி, சரக்கு காத்திருக்க முடியாமல் முழு வரி கட்டி எடுத்துவிட்டால்? முன்பு, கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தாருங்கள் என்று ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. 2019 செப்டம்பர் 18 அன்று ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது. இறக்குமதியாளரே செய்துகொண்ட மதிப்பீடும் ஓர் ஆணைதான், அது உரிய வழியில் மாற்றப்படாமல் பணம் திரும்பாது என்றது. மேல்முறையீட்டுக்கு 60 நாள். பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தக் கேட்கும் 149ஆம் பிரிவின் வழியும் திறந்திருக்கிறது என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றம் காட்டியது. ஆனால் அந்தப் பிரிவு, சரக்கு வெளியேறிய நாளில் இருந்த ஆவணங்களையே ஆதாரமாக ஏற்கும். சான்று பிந்தி வந்ததால்தான் சலுகை போயிற்று என்றால் அந்தச் சான்று இங்கே உதவாது. இத்தனையும் தாண்டினாலும், கூடுதல் வரியை வாங்குபவர் தலையில் ஏற்றிவிடவில்லை என்று நிறுவ வேண்டும். ஏற்றிவிட்டதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஒயின் விற்றுத் தீர்ந்த பிறகு அதை நிறுவுவது மிகக் கடினம்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிரான பாதையில் போயிருக்கிறது. அங்கே சிறு மது உற்பத்தியாளர்களுக்காக 2018இல் தொடங்கி 2020 டிசம்பரில் நிரந்தரமான கலால் சலுகை, வெளிநாட்டுச் சரக்குக்கும் உண்டு. முதலில் சுங்கத்திலேயே குறைந்த வரி கட்டி எடுத்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் முழு வரியையும் கட்டிவிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை மது-புகையிலை வரித் துறையிடம் திரும்பக் கேட்க வேண்டும். வெளிநாட்டு உற்பத்தியாளர் அந்தத் துறையில் பதிந்து, எந்த இறக்குமதியாளருக்கு எவ்வளவு சலுகை என்று ஒதுக்கித் தர வேண்டும். பணம் மாதக்கணக்கில் முடங்குவது சிறியவருக்கு வலிதான். ஆனால் காகிதம் சேர்க்க அவகாசம் கிடைக்கிறது. இந்தியா இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சான்று கையில் இருப்பவர் எல்லையிலேயே கேட்கட்டும். பிந்தி வருபவர் ஓராண்டுக்குள் ஒரு படிவத்தில் கேட்கட்டும், மேல்முறையீடு வேண்டாம். ஒப்பந்தங்களே பின்தேதியில் வழங்கும் சான்றை ஏற்கும்போது, உள்நாட்டு நடைமுறை அதைப் பயனற்றதாக்குவது சரியாகாது.

சுங்கத்தைத் தாண்ட உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். இறக்குமதியாளர் பெயர், உரிம எண் போன்ற சில விடுபட்ட விவரங்களைக் கிடங்கிலேயே ஒட்டுத்தாளில் சேர்க்க இடமுண்டு. அதன்பின் மாநிலக் கலால் துறை. மொத்த விற்பனைக்கு எஃப்.எல்.-1 உரிமம், கடைக்கு எஃப்.எல்.-2, பெர்மிட் ரூம் எனப்படும் பாருக்கு எஃப்.எல்.-3, ஒவ்வொரு லேபிளுக்கும் தனி ஒப்புதல். மாநிலத்தின் கைதான் கடை விலையை நிர்ணயிக்கிறது. 2021 நவம்பரில் மகாராஷ்டிரம் இறக்குமதி ஸ்காட்ச் மீதான கலால் வரியை 300 சதவீதத்திலிருந்து 150ஆகக் குறைத்தபோது எந்த ஒப்பந்தமும் இல்லாமலே விலை இறங்கியது. மத்திய அரசு பத்தாண்டு பேசி இறக்கும் வரியை ஒரு மாநில ஆணை ஒரே நாளில் ஏற்றவும் முடியும், இறக்கவும் முடியும்.

கடைசியாகக் கிடங்கு. நவா ஷேவாவில் இறங்கும் சரக்கை உடனே வரி கட்டி எடுக்காமல், வரியின் மூன்று மடங்குக்குப் பாண்டு எழுதிக்கொடுத்துச் சுங்கக் கிடங்கில் வைக்கலாம். ஆர்டர் வர வர எக்ஸ்-பாண்ட் பில் போட்டு எடுத்துப் புனேக்கு மலைச்சாலை ஏற்றலாம். சிறியவருக்கு இது உயிர்நாடி. எடுக்கும் நாளில் உள்ள விகிதமே வரி என்பதால், ஒப்பந்த விகிதம் அடுத்த படி இறங்கும் வரை காத்திருக்கும் எண்ணமும் வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருப்பது நல்லது. 90 நாளுக்கு மேல் தங்கும் சரக்கின் வரிக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி உண்டு. 6 டாலர் ஒயினுக்கு விகிதம் 100இலிருந்து 95 ஆகும் என்று வைத்தால் மிச்சம் 30 சென்ட். வட்டி மாதம் ஏழு சென்ட் அளவில் ஏறும். 90 நாளுக்குப் பின் நான்கு மாதம் சற்றுக் கூடக் காத்திருந்தால் அந்த 30 சென்டும் போய்விடும், கிடங்கு வாடகை தனி.